16 வயதில் சோல் பாட்டு: ஜோஸ் ஸ்டோனின் முதல் ஆல்பம் வெறும் நகலா?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

2011-ல் சூப்பர்ஹெவி என்ற குழுவின் ஆல்பம் வந்தபோது ரஹ்மான் பெயரைப் பார்த்துத்தான் கேட்க உட்கார்ந்தேன். மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், டேமியன் மார்லி, ரஹ்மான். இவர்களுக்கு நடுவில் ஒரு பெண் குரல். ஜாகர் உச்சத்தில் பாடும் இடத்தில்கூட அந்தக் குரல் ஒதுங்கி நிற்கவில்லை. யார் இது என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் 2003 செப்டம்பரில் வெளிவந்த 'தி சோல் செஷன்ஸ்'. இங்கிலாந்தின் டெவன் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த ஜோஸ் ஸ்டோன் என்ற பெண்ணின் முதல் ஆல்பம். அப்போது வயது 16. மொத்தம் பத்துப் பாட்டு. பத்தும் அவருக்கு முன்பே வேறு யாரோ பாடியவை.

அன்றிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது முழுசாகக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் பாடுது. ஆனா சொந்தப் பாட்டு ஒண்ணுகூட இல்லையே. டிவி போட்டியில பாடுற பிள்ளைங்க மாதிரிதானே இதுவும்?" என்றார்.

அவர் சொன்னது சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. சோல் என்பது தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதை ஊறிக் கேட்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

ஊசிமுனை

தம்பி, உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. பாட்டுத் தேர்விலிருந்து தொடங்குகிறேன்.

ஜோஸ் ஸ்டோன் போட்டியில் பாடி வந்தவர்தான். பிபிசியின் 'ஸ்டார் ஃபார் எ நைட்' நிகழ்ச்சியில் டோனா சம்மர் பாடிய ஒரு பாட்டைப் பாடி வென்றார். போட்டி என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்தால்தான் எடுபடும். ஆனால் ஆல்பம் என்று வந்தபோது அந்த வழியை விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில்கூடக் கேட்டுப் பழகிய பத்துப் பாட்டை அடுக்கியிருந்தால் இன்னும் சுலபமாக விற்றிருக்கும். இதில் இருப்பவை என்னவென்று பாருங்கள். லாரா லீ 1967-ல் பாடிய 'டர்ட்டி மேன்'. பெட்டி ஸ்வான் 1972-ல் பாடிய 'விக்டிம் ஆஃப் எ ஃபூலிஷ் ஹார்ட்'. கார்லா தாமஸின் ஒரு பாட்டு. ஷுகர் பில்லி என்பவரின் 'சூப்பர் டூப்பர் லவ்'. இந்தக் கடைசிப் பெயரை, இருபது வருஷமாகத் தட்டு சேர்க்கும் ஆட்களிலேயே பலர் இந்த ஆல்பம் வந்த பிறகுதான் தேடினார்கள். அரீத்தா ஃபிராங்க்ளினிடமிருந்தும் ஒன்று எடுத்திருக்கிறார்கள். அதுவும் எல்லோரும் கைதட்டும் பாட்டு இல்லை. 1972 ஆல்பத்தின் உள்ளே அடங்கிக் கிடக்கும் 'ஆல் தி கிங்ஸ் ஹார்சஸ்'.

அடுத்தது அசல் என்ற சொல். முதல் பாட்டு 'தி சோக்கின் கைண்ட்'. சோல் கேட்பவர்களுக்கு அது 1969-ல் ஜோ சைமன் பாடிய பாட்டு, அவருக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதை எழுதியவர் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் பாடலாசிரியர், நாஷ்வில் நகரத்து ஹார்லன் ஹோவர்ட். சைமனுக்கு முன்பே 1967-ல் கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் பாடிவிட்டார். அப்படியென்றால் ஜோ சைமன் பாடியதும் கவர், அதாவது மற்றவர் பாட்டை எடுத்துப் பாடியதுதானே? அரீத்தாவின் 'ரெஸ்பெக்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் அதை எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். வேலை முடித்து வீடு திரும்பும் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967-ல் அரீத்தா அதைப் பெண்ணின் வாயில் வைத்தார். பாட்டின் பெயரை R-E-S-P-E-C-T என்று எழுத்துக்கூட்டும், ஓட்டிஸ் பாட்டில் இல்லாத அந்தப் பகுதியைச் சேர்த்தார். இன்று யாரைக் கேட்டாலும் அது அரீத்தாவின் பாட்டு. சோல் இசையே கைமாறிக் கைமாறி வளர்ந்ததுதான். 'சொந்தப் பாட்டு இல்லை' என்று அங்கே யாரையும் தள்ளி வைத்ததில்லை.

இனி நான் முக்கியமாக நினைப்பது. வாத்தியம் வாசித்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா? எஸ்-கர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஸ்டீவ் கிரீன்பெர்க் இந்தப் பெண்ணை மயாமிக்குக் கூட்டிப்போய் பெட்டி ரைட்டின் கையில் ஒப்படைத்தார். பெட்டி ரைட் 1971-ல் 'கிளீன் அப் உமன்' பாடியவர். அவர் பின்னாலேயே அந்தக் காலத்து மயாமி ஆட்கள் வந்தார்கள். ஆர்கனில் டிம்மி தாமஸ். 1972-ல் தாள இயந்திரம், ஆர்கன், தன் குரல் மூன்றை மட்டும் வைத்து ஒரு பாட்டைப் பெரும் வெற்றியாக்கியவர் அவர். 2015-ல் ராப் பாடகர் டிரேக் அதே பாட்டின் மேல் தன் பாட்டைக் கட்டினார். பியானோவில் லாட்டிமோர். 1974-ல் அவருடைய 'லெட்ஸ் ஸ்ட்ரெய்ட்டன் இட் அவுட்' ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. கித்தாரில் வில்லி ஹேல், ஊரார் கூப்பிடுவது லிட்டில் பீவர். 'கிளீன் அப் உமன்' தொடக்கத்தில் சுழன்று சுழன்று வருமே அந்தக் கித்தார், அது அவர் விரல். ஒலிப்பதிவுக் கூடம் கிரைட்டீரியா. ஜேம்ஸ் பிரவுன் 1965-ல் 'ஐ ஃபீல் குட்'டைப் பதிந்த இடம்.

16 வயதுப் பெண் தனியாக நின்று பழைய தட்டுகளைப் பார்த்து நகல் எடுத்த ஆல்பம் இல்லை இது. அந்த இசையை முதலில் உண்டாக்கிய ஆட்களே அவளை நடுவில் உட்காரவைத்து வாசித்தது.

---

நெய்தல்

ஊசிமுனை ஐயா, தகவலுக்கு நன்றி. உண்மையாகவே நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு.

'டர்ட்டி மேன்' பாட்டைக் கேளுங்கள். துரோகம் செய்த ஆணை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் பெண் அவள். அந்த முடிவுக்கு வர எத்தனை ராத்திரி விழித்திருப்பாள்? லாரா லீ பாடும்போது அந்த ராத்திரிகள் குரலில் இருக்கின்றன. 16 வயதுப் பெண்ணிடம் அது எப்படி இருக்கும்? குரலில் கரகரப்பு இருக்கிறது, உணர்ச்சி எல்லாம் இருக்கிறது. ஆனால் அது யாரோ பட்ட அனுபவத்தின் ஒலி.

இன்னொன்று. டெவனில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண் அமெரிக்கத் தெற்குக் கறுப்பின மக்களின் உச்சரிப்பில் பாடுகிறாள். அந்த உச்சரிப்பு தேவாலயத்திலும் பருத்திக் காட்டிலும் பிறந்தது. பிரிட்டனின் பெரிய இசை விருதுகளான பிரிட் விருதுகளில், 2005-ல், சிறந்த பெண் பாடகி விருதோடு 'அர்பன்' பிரிவு விருதும் அவருக்கே போனது. பிரிட்டனின் கறுப்பின இசைக்காரர்களுக்குக் கிடைக்கும் இடமே கொஞ்சம், அந்தப் பிரிவு அவர்களுக்கான வாசலாக இருந்தது. அதுவும் போனால் அவர்களுக்கு எப்படி வலிக்கும்?

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெட்டி ஸ்வான் பின்னாளில் இசையை விட்டே விலகிவிட்டார். அவருடைய பாட்டு இன்னொருத்தி வாயில் லட்சக்கணக்கில் விற்றது. அதை நினைத்தால் என்னால் இந்த ஆல்பத்தைச் சும்மா ரசிக்க முடியவில்லை.

---

கீழ்ஸ்தாயி

நெய்தல், வயது பற்றி மட்டும் பேசுகிறேன். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில், அதனால் இது எனக்கு அன்றாடக் கேள்வி.

பெட்டி ரைட் 'கிளீன் அப் உமன்' பதிந்தபோது அவருக்கே 17 வயதுதான். தன் ஆணை இன்னொருத்தியிடம் பறிகொடுத்தவள் பாடும் பாட்டு அது! அதற்கு முன்பே 1968-ல், 14 வயதில், ஆண்கள் செய்வதையெல்லாம் பெண்கள் செய்ய முடியாது என்று அறிவுரை சொல்லும் பாட்டைப் பாடியிருக்கிறார். அரீத்தா தேவாலயப் பாட்டுகளைப் பதியத் தொடங்கியது 14 வயதில். மைக்கேல் ஜாக்சனின் 'ஹூஸ் லவ்வின் யூ' கேட்டிருப்பீர்கள். ஸ்மோக்கி ராபின்சன் எழுதிய பாட்டு. காதலியை இழந்து புலம்புவது. 1969-ல் அது வெளிவந்தபோது பையனுக்கு 11 வயது. அனுபவம் இல்லாமலேயே அந்தப் பையன் நம்மை அழவைக்கிறான்.

அந்த வயதில் பாடகரிடம் இருப்பது காது. பெரியவர்கள் எப்படி அழுவார்கள், எங்கே மூச்சை இழுப்பார்கள், எந்தச் சொல்லை விழுங்குவார்கள் என்று கேட்டுக் கேட்டு உள்ளே போட்டுக்கொண்டிருக்கும். அதை நகல் என்று நான் சொல்ல மாட்டேன். பாடாந்தரம் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. குருவின் வாயிலிருந்து வந்த வழி. நம் ஊரில் ஒரு பெண் முதல் கச்சேரியில் தியாகராஜரையும் தீட்சிதரையும் மட்டும் பாடினால், 'உன் சொந்தப் பாட்டு எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. எப்படிப் பாடினாள் என்றுதான் கேட்கிறோம்.

அப்படிக் கேட்டால் இந்த ஆல்பத்தில் எனக்கு முதலில் படுவது அடக்கம். அந்த வயதில் பிருகா, அதாவது வேகமாகச் சுருளும் சுரங்கள், நன்றாக ஓடும் தொண்டை வாய்த்தால் எல்லா இடத்திலும் ஓடவிடத்தான் கை பரபரக்கும், அதாவது தொண்டை பரபரக்கும். என் மாணவிகளிடம் தினமும் பார்க்கிறேன். இங்கே அவர் பல வரிகளைப் பேசுவதுபோலத் தணிவாக விட்டு, கீழே நின்று, பாட்டு பாதி தாண்டிய பிறகுதான் மேலே போகிறார். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் உட்காருகிறார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் பாயாமல் ஆர்கன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். 16 வயதுக்கு இதை யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பெட்டி ரைட் இல்லாமல் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

---

நெய்தல்

கீழ்ஸ்தாயி, 'ஹூஸ் லவ்வின் யூ' உதாரணத்துக்குப் பதில் இல்லை. வயது பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கச்சேரி ஒப்பீட்டை மட்டும் ஏற்க முடியவில்லை. கீர்த்தனை ஆயிரம் வாய் வழியாக வந்தது. தியாகராஜர் பாடி எந்தத் தட்டும் இல்லை, அதனால் எல்லோருக்கும் அது சமம். சோல் அப்படியா? இந்தக் கூடம், இந்த ஆள், இந்த மூச்சு என்று ஒருமுறை பதிவாகி நின்றுவிட்டது. அந்தப் பாடகியின் முகம் அதில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் இன்னொரு முகத்தை வைக்கும்போது முதல் முகம் மறைகிறது. மறைந்தவள் உயிரோடு இருக்கும்போதே மறைகிறது.

---

ஈஸ்ட்ஹாம்வாசி

நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். 2004 தொடக்கத்தில் இங்கே மாணவனாக இருந்தேன். இரவு வேலை பெற்றோல் நிலையத்தில். விடிய இரண்டு மணிக்குப் பிறகு ஆள் வராது. கண்ணாடிக்குப் பின்னால் நானும் ஒரு வானொலியும்தான். அப்படி ஒரு இரவில்தான் 'ஃபெல் இன் லவ் வித் எ பாய்' கேட்டேன். நாற்பது வயது தாண்டிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி என்றே நினைத்தேன். பாட்டு முடிய அறிவிப்பாளர் பெயரையும் வயதையும் ஊரையும் சொன்னார். டெவனா என்று நானே வாய்விட்டுக் கேட்டது இன்றைக்கும் ஞாபகம். அடுத்த சம்பளத்தில் முதலில் வாங்கியது அந்த இசைத்தட்டு. என்னோடு அறையில் இருந்த பெடியளும் கனநாள் அதையே கேட்டார்கள்.

அந்தப் பாட்டைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை, எனக்கு அதுதான் இந்த ஆல்பத்தின் திறவுகோல். மற்ற ஒன்பதும் 60-கள், 70-களின் பாட்டுகள். இது மட்டும் வைட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2001-ல் போட்டது. ஜாக் வைட் எழுதிய ராக் பாட்டு, இரண்டு நிமிடம்கூட இல்லை, கிட்டார் இரைச்சலோடு ஓடி முடிந்துவிடும். பாட்டில் வரும் பெண்ணைப் பையனாக மாற்றி, வேகத்தைக் குறைத்து, இடுப்பை அசைக்கவைக்கும் தாளத்தில் போட்டார்கள். தயாரித்தது ரூட்ஸ் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவின் குவெஸ்ட்லவ். மூலத்தை எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் முதல் அரை நிமிடம் பிடிபடவில்லை.

நகல் எடுக்கத்தான் வந்தார் என்றால் இந்த ஒரு பாட்டுக்கு என்ன விளக்கம்? இதில் நகல் எடுக்கப் பழைய சோல் பதிவு ஒன்றுமே இல்லை. அவரும் ரூட்ஸும் சேர்ந்து புதிதாக ஒரு சோல் பாட்டைச் செய்தார்கள்.

அந்த நேரம் இங்கிலாந்து இசை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவர்களின் பாட்டுகள்தான் எங்கும். ஏமி வைன்ஹவுஸின் 'ஃபிராங்க்' இந்த ஆல்பம் வந்து ஒரு மாதம் கழித்து வந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கே கொடுக்கும் மெர்க்குரி பரிசின் 2004 குறும்பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் குழுவுக்குப் போனது. அப்புறம் 2006-ல் ஏமியின் 'பேக் டு பிளாக்', 2008-ல் டஃபியும் அடெலும். பழைய சோல் ஒலியில் ஒரு இளம்பெண் பாடினால் ஆங்கிலேயர் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று முதலில் தெரியவந்தது ஜோஸ் ஸ்டோனால்தான் என்பது என் எண்ணம். இன்று அந்த வரிசையில் அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு.

---

மழைத்தூறல்

சோல் இசையே எனக்குப் புதிது. இந்த இழையை இரண்டு தடவை படித்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.

---

ஊசிமுனை

மழைத்தூறல், ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு பாட்டு. முதலில் ஜோஸ் ஸ்டோன், பிறகு அதே பாட்டின் பழைய குரல். 'டர்ட்டி மேன்'இல் தொடங்குங்கள். அதில் வாத்தியம் குறைவு, குரலை நன்றாகப் பார்க்கலாம். பிறகு லாரா லீ. அது அலபாமாவின் மசில் ஷோல்ஸில் ஃபேம் கூடத்தில் பதிவானது. பெட்டி ஸ்வானின் பாட்டும் அதே கூடத்தில் பிறந்ததுதான். கடைசி ராத்திரிக்கு ஐஸ்லி பிரதர்ஸின் 'ஃபார் தி லவ் ஆஃப் யூ'வை வைத்துக்கொள்ளுங்கள். ஜோஸ் ஸ்டோன் அதை ஏழு நிமிடத்துக்கு மேல் பாடுகிறார், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

---

வரவுசெலவு

நெய்தல் அக்கா சொன்ன பண விஷயத்தை விளக்குகிறேன். உரிமச் சட்டம் படித்தவன், இந்தப் பகுதி எனக்குப் பழக்கம்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்கள் கவர் செய்தால் முதல் சொத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள், ஒலிப்பதிவைத் தொடவில்லை. ஆகவே பணம் பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் போகும். முதலில் பாடியவருக்கு ஒரு காசு வராது.

அமெரிக்காவில் இது 1909 சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால் அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதியலாம். எழுதியவர் மறுக்க முடியாது. சட்டம் சொன்ன தொகையைக் கட்டினால் போதும். 1909-ல் ஒரு பிரதிக்கு 2 சென்ட். அந்த 2 சென்ட் 1978 வரை ஏறவே இல்லை. இந்த ஆல்பம் வந்த 2003-ல், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு 8 சென்ட்.

இதை வைத்துப் பார்த்தால், 'ஆல் தி கிங்ஸ் ஹார்சஸ்' அரீத்தாவே எழுதியது, அதனால் அவருக்கு வரும். ஹார்லன் ஹோவர்ட் 2002-ல் இறந்துவிட்டார், அவருடைய வாரிசுகளுக்கு வரும். லாரா லீ அவருடைய பாட்டை எழுதவில்லை, பெட்டி ஸ்வானும் எழுதவில்லை. இருவருக்கும் இந்த ஆல்பத்திலிருந்து எதுவும் வராது. அதற்கு மேலே, அமெரிக்காவில் சாதாரண வானொலி பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத்தான் கட்டணம் கட்டும், பாடியவருக்குக் கட்டாது. லாரா லீயின் சொந்தக் குரலே வானொலியில் வந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. பல நாடுகளில் பாடியவருக்கும் பங்கு உண்டு, அமெரிக்காவிலோ வானொலி நிறுவனங்கள் அதைத் தடுத்தே வைத்திருக்கின்றன.

அக்கா, உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தச் சட்டம். ஜோஸ் ஸ்டோன் பாடாமல் இருந்திருந்தால் பெட்டி ஸ்வானுக்கு அதே பூஜ்யம்தான். பாடியதால் அந்தப் பெயரைத் தேடிப்போய் வாங்கிய ஆட்கள் கொஞ்சம் பேராவது உண்டு.

பெட்டி ரைட் இந்தக் கணக்கெல்லாம் முழுசாகத் தெரிந்தவர். 1980-களில் சொந்த நிறுவனம் வைத்துத் தன் ஆல்பங்களைத் தானே வெளியிட்டார். தன் பாட்டை வேறொரு குழு கேட்காமல் எடுத்தாண்டபோது சும்மா விடாமல் பங்கு வாங்கினார். 'சோல் செஷன்ஸ்' உறையில் தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயர் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பின்பாட்டுப் பாடிவிட்டுப் போகச் சொல்லவில்லை, பொறுப்பையே கொடுத்திருக்கிறார்கள்.

---

நெய்தல்

வரவுசெலவு தம்பி, லாரா லீக்கு அவர் குரலுக்கே பணம் இல்லை என்று படித்ததும் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ராத்திரி ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன். சண்டை போடும் மனதோடு கேட்கவில்லை. சில இடங்களில் இன்னும் ஒட்டவில்லை. 'சம் கைண்ட் ஆஃப் ஒண்டர்ஃபுல்' அந்தக் குரலுக்குச் சின்னச் சட்டை போல இருக்கிறது, உற்சாகத்தைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை. ஜான் செபாஸ்டியன் உட்ஸ்டாக் இசை விழாவில் பாடிய 'ஐ ஹேட் எ டிரீம்' அந்தக் காலத்து அமெரிக்காவின் கனவு. 2003-ல் அதை எதற்காகப் பாட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அரீத்தாவின் பாட்டு என்னைப் பிடித்துவிட்டது. அரீத்தாவோடு மோதப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன், மோதவே இல்லை. குரலைச் சுருக்கிக்கொண்டு, பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடும் பிள்ளைபோலப் பாடிவிட்டாள். முதல் முகத்தை மறைக்காமலும் பாட முடியும் என்று அங்கே ஒப்புக்கொண்டேன். பிரிட் விருது பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

---

கீழ்ஸ்தாயி

நெய்தல், நீங்கள் சொன்ன வாசற்படி எனக்கும் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பாட்டை வேறு மாதிரி கேட்க முடியாது.

ஒன்று சேர்க்கிறேன். அடுத்த வருஷமே, 2004-ல், 'மைண்ட், பாடி அண்ட் சோல்' வந்தது. பெரும்பாலும் அவரும் சேர்ந்து எழுதிய பாட்டுகள். பிரிட்டன் பட்டியலில் முதலிடம், 17 வயதில். அதுதான் தன் உண்மையான முதல் ஆல்பம் என்று அவரே பேசியிருக்கிறார். எனக்கு அதை ஏற்க மனமில்லை. அதில் அவர் தன்னை நிரூபிக்க ஓடுகிறார், எல்லாப் பாட்டிலும் எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறார். 'சோல் செஷன்ஸ்'இல் நிரூபிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பாட்டு ஏற்கெனவே நல்ல பாட்டு என்று ஊருக்குத் தெரியும், சுற்றிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள், விழுந்தால் பிடித்துக்கொள்வார்கள். அந்த நிம்மதி குரலில் கேட்கிறது. இளம் பாடகர் முதலில் மற்றவர் பாட்டைப் பாடுவதில் இருக்கும் பெரிய லாபம் அதுதான் என்று என் மாணவிகளிடம் சொல்வதுண்டு.

---

ஈஸ்ட்ஹாம்வாசி

பெட்டி ரைட் 2020 மே மாதம் போய்விட்டார். டிம்மி தாமஸ் 2022-ல். இந்த ஆல்பத்தில் பின்பாட்டுப் பாடிய ஆஞ்சி ஸ்டோன் 2025 மார்ச்சில் விபத்தில் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று இரவு நானும் மனைவியும் இந்தத் தட்டைத்தான் போட்டோம். 2004-ல் வாங்கிய அதே தட்டு. முன்பெல்லாம் அந்தச் சிறு பெண்ணின் குரலைத்தான் பின்தொடர்வேன். அன்று முழுக்கப் பின்னால் கேட்கும் பெண்களின் குரல்களையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

---

கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதே நண்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விவாதம் ஒன்றும் செய்யவில்லை. ஊசிமுனை ஐயா சொன்னபடி, ஆனால் வரிசையை மாற்றி, பெட்டி ஸ்வானை முதலில் போட்டேன். பிறகு ஜோஸ் ஸ்டோன் பாடியது. பெட்டி ஸ்வான் குரலில் ஆறிப்போன காயம், இந்தப் பெண்ணிடம் அது இன்னும் பச்சையாக இருக்கிறது. ஒரே சொற்கள், இரண்டு வயது. நண்பர் மறுபடி பெட்டி ஸ்வானைப் போடச் சொன்னார். பிறகு மறுபடி ஜோஸ் ஸ்டோனை. நகல் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆல்பம் முழுக்க ஓடி முடிந்ததும் அவர் கேட்டது, "அந்தக் கித்தார் வாசிச்சவரு யாரு? பாடுற பொண்ணுக்கு வழி விட்டு விட்டு வாசிக்கிறாரே?"

லிட்டில் பீவர் என்று சொல்லி, 1974-ல் அவரே பாடி வாசித்த 'பார்ட்டி டவுன்' பாட்டைத் தேடிப் போட்டேன். காபி ஆறிப்போகும்வரை இருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். மயாமி ஆட்களிடமிருந்து அடுத்து எதைப் போடலாம், ஊசிமுனை ஐயா? லாட்டிமோரா, இல்லை டிம்மி தாமஸா?